வில்மாட் சுரப்பி

ஓணானுக்குப் புருவம் கிடையாது. இது தெரியாமல் இருபது வயது வரைக்கும் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

நீங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து விளாங்குடி வரைக்கும் பஸ் பிடித்து என் அறையைத் தேடி வந்திருக்கிறீர்கள், ஐயா. டீக்குச் சொல்லியிருக்கிறேன். பால்பாண்டி போட்ட மேல்முறையீட்டு மனுவை விசாரிக்க வந்தேன் என்றீர்கள். ஓணான் படத்தில் இல்லாத உறுப்பை முதலில் வரைந்தது யார் என்று ஒரு சாட்சி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அவன் மேல் உள்ள மூன்று வருடத் தடை நீங்கிவிடும், பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கிவிடுவான் என்றும் சொன்னீர்கள். நல்ல விஷயம். கையெழுத்தைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். நடந்ததை முதலில் சொல்கிறேன். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. இதுவரை யாரும் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நான் கார்ட்டூன் போடுகிறவன். எங்கள் விடுதியில் 'கொசுவலை' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே பிரதி. இருநூறு பேர் படித்தார்கள், பாதிப் பேர் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்ததால் பின்பக்கங்களில் சாம்பார் இருக்கும். அதில் வார்டனை நீர்யானையாகவும், மெஸ் மேனேஜரைப் பெருச்சாளியாகவும், கணக்கு ஆசிரியரை ஒட்டகமாகவும் நான்தான் போட்டேன். யாருக்கும் மனவருத்தம் இல்லை. வார்டனே தன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காது மட்டும் கொஞ்சம் பெருசாப் போச்சேப்பா" என்றார். நீர்யானைக்குக் காது சின்னது. அது அவருடைய காது என்று நான் சொல்லவில்லை.

கார்ட்டூனில் ஒரு வசதி உண்டு. தும்பிக்கை போட்டால் யானை. அதற்கு எத்தனை நகம், முழங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பார்க்கிறவர் மனசில் ஏற்கெனவே ஒரு யானை நின்றுகொண்டிருக்கிறது, நாம் அதைக் கூப்பிட்டுவிட்டால் போதும். இன்னொரு வகைப் படம் இருக்கிறது. அதில் யானையை யானையிடமே கேட்டு வரைய வேண்டும். விலங்கியல் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் அந்த வகைதான் வரையவேண்டும் என்று விதி. அறுத்துப் பார்த்ததை அப்படியே, பென்சிலில், நிழல் தீட்டாமல், வலது பக்கமாகக் கோடிழுத்துப் பெயர் எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில், இவை இம்மாணவர் தாமே கண்டு வரைந்தவை என்று துறைத்தலைவர் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வுக்கூடத்துக்குள் கால் வைக்க முடியாது.

நான் பி.எஸ்சி. மூன்றாம் வருடம் படித்தது எண்பத்தொன்று, எண்பத்திரண்டில். எங்கள் துறைத்தலைவர் வெள்ளைத்துரை சார். திருநகரில் வீடு. நல்ல மனிதர், கோபம் வந்தால் மட்டும் ஆங்கிலம் பேசுவார். ஆய்வுக்கூட உதவியாளர் காளை அண்ணன். நாகமலைப் பக்கத்து வேலிகளில் ஓணான் பிடித்து, சாக்கில் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். குளோரோபாரம் காட்டி, மெழுகுத் தட்டில் மல்லாத்தி, கை காலுக்கு நாலு ஊசி குத்தி, கழுத்திலிருந்து கீழ்வரை அவரே கத்தரித்தும் கொடுப்பார். நாங்கள் சுற்றி நின்று மூக்கைப் பொத்திக்கொள்வோம். அதற்குப் பெயர் செய்முறை வகுப்பு.

முதல் ஓணானை நான் கவனமாகத்தான் வரைந்தேன். வயிற்றைத் திறந்து வைத்திருந்தாலும் அதன் முகத்தில் ஒரு மரியாதை இருந்தது. அதைக் காட்ட இரண்டு புருவமும், வாயோரத்தில் லேசாக ஒரு சிரிப்பும் போட்டேன். வெள்ளைத்துரை சார் நோட்டைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது ஓணானா, இல்ல பந்தி விசாரிக்க வந்த சம்பந்தியா?"

வகுப்பு சிரித்தது. நல்ல நகைச்சுவைதான், நானும் சிரித்தேன்.

"இருக்கறத வரையணும்ப்பா. இல்லாதத வரையக் கூடாது. போ, பால்பாண்டி நோட்ட வாங்கிப் பாத்து வரைஞ்சுட்டு வா."

ஓணானைப் பார்த்து வரை என்று அவர் சொல்லவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

பால்பாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் அவனுக்கும் ஊர் எழுமலைதான். அவன் அம்மா மலையம்மாள் எங்கள் தோட்டத்தில் களையெடுக்க வரும். என்னைச் சின்னய்யா என்று கூப்பிடும். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் உசிலம்பட்டி வழியாக மதுரைக்கு வந்து, ஒரே கல்லூரியில், ஒரே பாடத்தில் சேர்ந்தோம். வந்த இடத்தில் அவன் என்னை விருமாண்டி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மற்ற எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்லூரியில் எல்லோரும் சமம் என்று 'கொசுவலை'யில் தலையங்கம் எழுதியவனே நான்தான். அதனால் ஒன்றும் நினைக்கவில்லை.

அவன் படம் வரைவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பேச மாட்டான். ஓணானின் மேல் குனிந்தால் அரை மணி நேரம் குனிந்தே இருப்பான். நாங்கள் குடல் என்று ஒரு வளையம் போடுவோம். அவன் அந்த வளையம் எங்கே திரும்புகிறது, திரும்புகிற இடத்தில் எந்த நரம்பு மேலே ஓடுகிறது, எந்தச் சவ்வு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் பென்சில் முனையால் விசாரித்து எழுதுவான். அந்தப் படத்தைப் பார்த்தால் தட்டில் கிடக்கிற ஓணானே கொஞ்சம் அரைகுறையாகத் தோன்றும்.

அவன் நோட்டை வாங்கி வந்து, சிறுநீரக இனப்பெருக்க மண்டலத்தைப் பார்த்து வரைந்தேன். என் கை என் கைதான். கல்லீரல் ஒரு தொப்பியாக வந்தது, சிறுநீரகம் இரண்டு அவரைக் கொட்டையாக வந்தது. எல்லாம் முடிந்த பிறகு இடது கொட்டைக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது. அவன் படத்தில் அந்த இடத்தில் ஏதோ மெல்லிய சவ்வு. எனக்கு அது வரவில்லை. கார்ட்டூன்காரனுக்கு வெற்றிடம் ஆகாது. அங்கே ஒரு சின்ன உறுப்பைப் போட்டேன், முந்திரிப் பருப்பு மாதிரி. கீழே ஒரு வால். வால் வந்துவிட்டதால் கோடு இழுக்க வேண்டியதாயிற்று. கோடு இழுத்தபின் பெயர் எழுதாமல் விட முடியாது. விருமாண்டியை ஒரு வெள்ளைக்காரர் வாயில் போட்டு மென்றால் வில்மாட் என்று வரும் எனத் தோன்றியது. வில்மாட் சுரப்பி என்று எழுதினேன்.

வெள்ளைத்துரை சார் அந்தப் படத்தில் எல்லாப் பெயர்களுக்கும் ஒவ்வொரு டிக் போட்டார். வில்மாட் சுரப்பிக்குப் போட்ட டிக் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிது. இதில் ஆச்சரியம் இல்லை. நோட்டுகளை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், மடியில் ஒன்று, கையில் ஒன்று என்று வைத்து, ஒரு நோட்டைப் பார்த்து மற்ற நோட்டைத் திருத்துவார். ஓணானைப் பார்த்துத் திருத்தும் வழக்கம் எங்கள் துறையில் இல்லை.

அடுத்த 'கொசுவலை'யில் 'வில்மாட் சுரப்பி கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு' என்று மூன்று பக்கம் எழுதி எல்லோரையும் சிரிக்கவைத்து, விஷயத்தை முடித்துவிடுவதாகத்தான் இருந்தேன். கட்டுரை பாதி எழுதியும் வைத்திருந்தேன். அதற்குள் கரையான் குறுக்கே வந்துவிட்டது.

எங்கள் துறையில் தாய் நோட்டு என்று ஒன்று உண்டு. முந்தைய வருடத்து மாணவர்கள் விட்டுப்போகிற ரெக்கார்டு அது. அதைப் பார்த்துத்தான் புது வருடத்து மாணவர்கள் எல்லோரும் தாமே கண்டு வரைவார்கள். எங்கள் வருடத்துத் தாய் நோட்டை அலமாரியில் கரையான் தின்றுவிட்டது. புதிதாக ஒரு தாய் வேண்டியிருந்தது. பால்பாண்டியின் நோட்டு ஒரு வாரம் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டது. என் அறைத்தோழன் மருதுதான் காரணத்தைச் சரியாகச் சொன்னான்.

"அவன் படத்தக் காப்பியடிக்கணும்னா மொதல்ல பாடத்தப் படிக்கணும் போலருக்கு மாப்ள. இம்புட்டு நரம்ப எவன் போடுறது? ஒன்னோடதக் குடு. அதுதான் கோலம் மாதிரி ஈசியா இருக்கு."

கொடுத்தேன். பறிக்கவில்லை, திணிக்கவில்லை, கேட்டதால் கொடுத்தேன். கார்த்திகை முடிவதற்குள் முப்பத்தொன்பது நோட்டுகளில் வில்மாட் சுரப்பி வந்துவிட்டது. கட்டுரையை வெளியிட்டால் முப்பத்தெட்டுப் பேர் திரும்ப வரைய வேண்டியிருக்கும். நண்பர்களுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வாய்மொழித் தேர்வில் வெள்ளைத்துரை சார் மருதுவிடம், "இந்தச் சுரப்பியோட வேலை என்ன?" என்று கேட்டார். மருது எதற்கும் அசராதவன்.

"வெயில் காலத்துல ஒடம்புல ஈரத்தப் பிடிச்சு வைக்கும் சார்."

"குட்."

மறுவாரம் வகுப்பில் அவரே அதைப் பற்றிக் குறிப்புச் சொன்னார். வறண்ட நிலத்துப் பல்லியினங்களில் இது சற்றுப் பெரிதாகக் காணப்படும், மழைக்காலத்தில் சுருங்கும். நானும் எழுதிக்கொண்டேன். என் சுரப்பியைப் பற்றி எனக்கே தெரியாத இரண்டு தகவல்கள் அன்று கிடைத்தன.

தை மாதம் ரெக்கார்டு திருத்தினார்கள். பால்பாண்டியின் நோட்டு மட்டும் திரும்பி வந்தது. படத்தின் குறுக்கே சிவப்பு மையில், 'வில்மாட் சுரப்பி காணோம். மறுபடி வரைக' என்று எழுதியிருந்தது. மறுபடி வரைந்தான். அறுத்துப் பார்த்தான், இல்லை, இல்லாமலே வரைந்தான். மறுபடி திரும்பி வந்தது.

அவனுக்கு அப்போது அவசரம் இருந்தது. வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்றில், உடற்கூறு துறைக்குப் படம் வரைய ஓவியர் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. மாணவர்களுக்குச் சுவரில் மாட்டுகிற பெரிய படங்கள் வரைகிற வேலை. மாசச் சம்பளம், அரசாங்க உத்தியோகம். இன்டர்வியூவுக்கு, துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவர வேண்டும் என்று தபாலில் எழுதியிருந்தார்கள். அந்த வேலை அவனுக்காகவே படைத்துவைத்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அவன் பதினொரு ஓணானை அறுத்தான். ஜீவகாருண்யம் பேசுகிறவர்கள் அந்தப் பாவத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம். காளை அண்ணன் சலிக்காமல் பிடித்து வந்தார். ஒருநாள் அவர் சாக்கை உதறிக்கொண்டிருந்தபோது நான் பேச்சுக் கொடுத்தேன்.

"இருவத்திரெண்டு வருசமா அறுக்கேன் தம்பி. இந்தச் சனியனை நான் ஒரு ஓணாங்கிட்டயும் பாத்ததில்ல."

"சாருட்ட சொல்ல வேண்டியதுதானண்ணே?"

"கேட்டாச் சொல்லுவேன். அவரு எங்க கேக்காரு?"

நியாயமான மனிதர். பால்பாண்டி அவரிடமும் கேட்கவில்லை. அவன் சாரிடம் போனான்.

"முப்பத்தொம்பது பேர் கண்ணுக்குத் தெரியுது. ஒனக்கு மட்டும் தெரியலன்னா கோளாறு ஓணாங்கிட்டயா, ஒங்கிட்டயா?"

"எனக்குத் தெரியல சார்."

"அப்பக் கண்ணாடி போடு."

அவன் உண்மையிலேயே கண் ஆஸ்பத்திரிக்குப் போனான். வரிசையில் நின்று, பலகையில் இருந்த கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டிவிட்டு வந்தான். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மருது அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துத் தரையில் உருண்டு சிரித்தான்.

அன்று மத்தியானம் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால், தட்டுக் கழுவுகிற குழாயடியில், பால்பாண்டி என்னிடம் வந்தான். கையெல்லாம் பார்மலின் வாடை.

"விருமாண்டி, நீ எதப் பாத்து வரைஞ்ச?"

அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த மாதத்தில் அது ஏழாவது தடவை. நான் எண்ணவில்லை, தெரியும்.

"ஒன் நோட்டப் பாத்துத்தான்."

"எந் நோட்டுல அது இல்லையே."

"அப்ப நீ சரியாப் பாக்கல."

நான் சொன்ன இரண்டில் முதலாவது முழு உண்மை என்பதைக் கவனியுங்கள். இதைப் பொய்யாகப் போட்டாயா என்று அவன் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். அவன் அப்படிக் கேட்கவில்லை. என் மேல் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை. குழாயை மூடிவிட்டு, "பதினெட்டாந் தேதி இன்டர்வியூ. சாரு கையெழுத்துப் போட மாட்டேங்காரு" என்று மட்டும் சொன்னான். குழாய் சரியாக மூடவில்லை, சொட்டிக்கொண்டே இருந்தது. நான் போய் இறுக்கி மூடினேன்.

இரண்டு நாள் கழித்து அவன் வரைந்துவிட்டான்.

நான் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடைய சுரப்பி வெற்றிடத்தில் ஒட்டவைத்த முந்திரிப் பருப்பு. அவனுடையது அந்த வயிற்றிலேயே பிறந்து வளர்ந்திருந்தது. அதற்கு இடம் கொடுப்பதற்காகச் சிறுநீரகம் ஒரு நூல் ஒதுங்கியிருந்தது. மேலே ஒரு தமனி வந்து இரண்டாகப் பிரிந்து உள்ளே போயிற்று. கீழே ஒரு சிரை திரும்பி வந்தது. முடி மாதிரி ஒரு நரம்பு. சவ்வின் மடிப்பு. தொட்டால் வழுக்கும் என்று தோன்றியது. இவ்வளவும் எதற்கு என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான்.

"இருக்குன்னு வரைஞ்சா, அதுக்கு ரத்தம் வந்து போக வழி வேணும்ல."

வெள்ளைத்துரை சார் உடனே கையெழுத்துப் போட்டார். "இதாம்ப்பா படம்" என்று வகுப்பு முழுவதும் காட்டினார். பதினெட்டாம் தேதி இன்டர்வியூவில், நோட்டிலிருந்த மற்ற படங்களைப் பார்த்தே அவனை எடுத்துக்கொண்டார்கள். பட்டம் வாங்கியவுடன் வந்து சேரலாம் என்று உத்தரவும் வந்தது. மலையம்மாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "சின்னய்யா, எம்மவன் படம் வரையப் போறானாம்ல" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. நான் சந்தோஷப்பட்டேன். மலையம்மாள் கல்கண்டு நீட்டியது, வாங்கிக்கொண்டேன்.

பங்குனியில் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு. வெளித்தேர்வாளராக ஓர் அம்மையார் வந்திருந்தார்கள். கேள்வி, ஓணானின் சிறுநீரக இனப்பெருக்க மண்டலத்தை அறுத்துக் காட்டுக. எல்லோரும் அறுத்து, பாகங்களில் ஊசி குத்தி, ஊசியில் பெயர்ச்சீட்டுக் கொடி கட்டினோம். அம்மையார் முதல் மேசையில் நின்றார்கள்.

"இது என்ன?"

"வில்மாட் சுரப்பி மேடம்."

"எங்க, எடுத்துக் காட்டுங்க."

முதல் மேசைக்காரன் ஒரு கொழுப்புத் துண்டைக் காட்டினான். இரண்டாவது மேசையிலும் ஒரு கொழுப்புத் துண்டு. மருது கொஞ்சம் பெரியதாகவே காட்டி, வெயில் காலம் என்பதால் இப்படி இருக்கிறது என்று விளக்கமும் சொன்னான். ஐந்தாவது மேசைக்குப் பிறகு அம்மையார் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கத்தரியை வாங்கித் தானே ஓர் ஓணானை அறுத்துப் பார்த்தார்கள். தன் சர்வீசில் அந்தக் கூடத்தில் ஆசிரியர் ஒருவர் ஓணானை அறுத்தது அதுதான் முதல் தடவை என்று காளை அண்ணன் பிற்பாடு சொன்னார்.

அடுத்த வாரமே மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு. ஒருவர் வேதியியல் பேராசிரியர். ஒருவர் உடற்பயிற்சி இயக்குநர். மூன்றாமவர் வெள்ளைத்துரை சார். கையெழுத்துப் போட்டவரே குழுவில் இருந்ததால் விசாரணை சுருக்கமாக முடிந்தது. காளை அண்ணனைக் கூப்பிடவில்லை. முப்பத்தொன்பது பேர் ஏமாந்தவர்கள், எச்சரிக்கை. ஏமாற்றியவன் ஒருவன், அவனுக்கு மூன்று வருடம் எந்தத் தேர்வும் எழுதத் தடை. அவ்வளவு நுணுக்கமாக, தமனி சிரையோடு ஒரு பொய்யை வரைகிறவன் திட்டமிட்டுத்தான் செய்திருக்க வேண்டும், மற்றவர்கள் அவனைப் பார்த்து அரைகுறையாகக் காப்பியடித்திருக்கிறார்கள் என்று தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கார்ட்டூன் யாரையும் ஏமாற்றுவதில்லை, பார்த்தாலே தெரியும். நம்பும்படி வரைவதுதான் தப்பு.

மருத்துவக் கல்லூரி உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். பால்பாண்டி எழுமலைக்குப் போய்விட்டான். சும்மா இருக்கக் கூடாதே என்று நான்தான் அப்பாவிடம் சொல்லி, எங்கள் மோட்டார் ரூம் சுவரில் எங்கள் பெயர் எழுதுகிற வேலையை வாங்கிக் கொடுத்தேன். எழுத்து நன்றாக இருந்தது. பக்கத்தில் எங்கள் காளைமாட்டையும் வரையச் சொன்னோம். வரைந்தான். கொம்பு இரண்டு, வால் ஒன்று, முகத்தில் ஒரு சிரிப்பு. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது. விலா எலும்பு எங்கே என்று நான் கேட்டேன். "எதுக்கு?" என்றான். கடைசியில் என் பாணிக்கே வந்துவிட்டான்.

டீ ஆறுகிறது, ஐயா.

அன்றைக்கு விசாரணையில் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்டது என் காதில் விழுந்தது. அதற்குத்தான் வருகிறேன். நான் சொல்லத்தான் போனேன். என் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. திருப்பி வரையும்போது பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும் என்பது வெள்ளைத்துரை சாருடைய ஒழுங்கு. பால்பாண்டி கிழித்துப் போட்ட தாளைக் கூடையிலிருந்து நான் எடுத்துவைத்திருந்தேன். நல்ல படம், குப்பைக்குப் போக வேண்டாம் என்றுதான் எடுத்தேன். சுரப்பி இல்லாத ஓணான். அதன் மேல் சிவப்பு மையில் சாருடைய கையெழுத்தில், சுரப்பி காணோம் என்ற அந்த வாசகம். அதை மேசையில் வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது, ஆனால் உங்களுக்குப் பயன்படாது. சட்டையோடு சலவைக்குப் போய்விட்டது. பென்சில் கோடு ஒரு முடி அளவுக்கும் கலையவில்லை. சிவப்பு மை மட்டும் கரைந்துவிட்டது. ஆகையால் இனி என் வார்த்தை ஒன்றுதான் பாக்கி என்று நீங்கள் நினைப்பது சரி.

கதவைத் திறந்து உள்ளே போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் குழுவினர் மூன்று பேருக்கு மூன்று நாற்காலி. இந்தப் பக்கம் விசாரிக்கப்படுகிறவருக்கு ஒரு நாற்காலி. அதில் பால்பாண்டி உட்கார்ந்திருந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை. வேறு நாற்காலி இல்லை. "ரெண்டு நிமிசம் நில்லுப்பா" என்றார் வெள்ளைத்துரை சார். நின்றேன்.

வகுப்பில் பெஞ்சில் எல்லோரும் உட்காருவோம், அது வேறு. நான் நிற்க அவன் உட்கார்ந்திருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் அவன் எழுந்திருக்கப் போனான். பாதி எழுந்துவிட்டான். என்ன நினைத்தானோ, அப்படியே மறுபடியும் உட்கார்ந்துகொண்டான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேசை முழுக்க நாற்பது நோட்டுகளும் விரித்து வைத்திருந்தார்கள். வேதியியல் பேராசிரியர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீ படம் போடுற பையன். ஒனக்குத் தெரியும். இதுல எது நெசமா ஓணானப் பாத்து வரைஞ்ச மாதிரி இருக்கு? அதுதான் மொதல் படமா இருக்கணும்."

சட்டைப் பையில் இருந்த தாளின் விளிம்பு என் விரலில் பட்டது. பால்பாண்டி என்னை நிமிர்ந்து பார்த்தான். பயம் இல்லை. நான் சரியாகச் சொல்லிவிடுவேன் என்று நம்பியிருந்தான் போல. ஓணானைப் பார்த்து வரைந்த மாதிரி இருந்தது அவனுடைய படம்தான். அதை விரல் நீட்டிக் காட்டினேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அது. இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் காட்டுவேன்.

"பால்பாண்டி, நீ எந்திரிச்சு வெளிய போய் நில்லு" என்றார்கள். எழுந்தான். போனான். நாற்காலி காலியாயிற்று. உட்கார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தேன்.

இப்போது கையெழுத்து விஷயம். நான் சொன்னதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொண்டீர்கள், நல்லது, அது உங்களோடு இருக்கட்டும். அந்தக் காகிதத்தின் கீழே நான் பெயர் எழுத முடியாது. தனியாக ஒரு தாள் எடுத்து இதை மட்டும் எழுதுங்கள்: அன்று இரண்டு நிமிடம் நின்றதில் விருமாண்டிக்குக் கால் வலித்தது, அதனால்தான் உட்கார்ந்தான், வேறு காரணம் எதுவும் இல்லை. அதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், உடனே போட்டுத் தருகிறேன்.